கசந்த கல்யாணமும் கறுப்பு வெள்ளைத் திகிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தொலைக்காட்சித் திகில் நாடகங்களைப் பற்றி நண்பர்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: ஒரு வீடு, அதற்குள் ஒரு கணவன், ஒரு மனைவி, இருவருக்கும் நடுவில் பேசாமல் கிடக்கும் ஏதோ ஒன்று. அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முடிவைச் சொல்லாமல் இந்தக் கதைகளைப் பற்றிப் பேச வழியில்லை. பார்த்த பிறகுதான் படிப்பேன் என்பவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள். எதில் தொடங்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறேன், முடிவு எதையும் அங்கே உடைக்கவில்லை.

எந்த நாடகங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முதன்மையாக ‘ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்’. 1955 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனலில் தொடங்கியது. வாரம் ஒரு கதை, விளம்பரத்தைக் கழித்தால் இருபத்தைந்து நிமிடம் சொச்சம். தொடர்கதை கிடையாது. ஒவ்வொரு வாரமும் புது வீடு, புது ஜோடி. 1962 வரை 268 கதைகள் வந்தன. பிறகு ‘ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அவர்’ என்று ஒரு மணி நேரமாக நீண்டு 1965 வரை இன்னும் 93. எல்லாவற்றையும் திகில் பட இயக்குநரான ஹிட்ச்காக்கே இயக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் தன் கையால் இயக்கியது அரை மணிக் கதைகளில் 17, ஒரு மணிக் கதைகளில் ஒன்றே ஒன்று. மற்றவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் வந்து நின்று பேசிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

அதோடு ‘சஸ்பிஷன்’ (என்.பி.சி., 1957–58), பிரிட்டனில் ஆங்லியா நிறுவனம் தயாரித்த ‘டேல்ஸ் ஆஃப் த அனெக்ஸ்பெக்டட்’ (1979–88), கொஞ்சம் ‘கொலம்போ’, எல்லாவற்றுக்கும் மூதாதையாக ‘கேஸ் லைட்’ நாடகம். இவற்றில்தான் என் மனம் நிற்கிறது.

கொலை செய்வதற்குப் பதிலாக விவாகரத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே? ஏன் ஒருவரும் அதைச் செய்வதில்லை?

நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி இது. இதற்குப் பதில் தெரிந்த பிறகு இந்த நாடகங்களை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் சட்டம். 1950-களில் அமெரிக்காவில் ‘எங்களுக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்லிப் பிரிவது எளிதல்ல. பொதுவாக ஒருவர் குற்றவாளி, மற்றவர் பாதிக்கப்பட்டவர் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 1966-ல் சட்டத்தைத் திருத்தும்வரை விவாகரத்துக்கு ஒரே காரணம்தான் இருந்தது: பிறன்மனை உறவு. வசதி உள்ளவர்கள் நெவாடா மாநிலத்து ரீனோ நகரத்துக்குப் போய் ஆறு வாரம் தங்கி, அந்த ஊர்க்காரர் என்ற தகுதியில் அங்கே விவாகரத்து வாங்கி வந்தார்கள். யார் மீதும் பழி சொல்லாமல் பிரிய வழி செய்யும் சட்டம் கலிஃபோர்னியாவில் 1969-ல் நிறைவேறி, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் அதே 1969-ல் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் 1971-ல் அமலானது. நாம் பேசும் நாடகங்களில் பெரும்பகுதி அதற்கு முந்தைய உலகத்தைச் சேர்ந்தவை.

அடுத்தது தொலைக்காட்சி. 1952-ல் அமெரிக்க ஒளிபரப்பாளர்கள் சங்கம் தங்களுக்குள் ஒரு நெறிமுறைத் தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. திருமணத்தின் புனிதமும் இல்லறத்தின் மதிப்பும் காக்கப்பட வேண்டும், விவாகரத்தை இலேசாகக் காட்டக் கூடாது, தம்பதிகளின் சிக்கலுக்கு அது ஒரு தீர்வு என்று நியாயப்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியே இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மணவாழ்க்கை கசந்த ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறி நன்றாக வாழ்கிறாள் என்று கதை எழுதினால் சிக்கல். அவளே கணவனைக் கொன்று, கடைசியில் அதற்கொரு தண்டனை உண்டு என்று ஒப்புக்கு ஒரு வரி சேர்த்துவிட்டால் சிக்கல் இல்லை. வாசல் அடைபட்ட வீட்டில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கதைகளின் திகில் அந்த அழுத்தத்திலிருந்து வருவது. கத்தியோ விஷமோ அதற்கு அப்புறம்தான்.

எல்லோரும் அந்த ஆட்டுத் தொடைக் கதையையே சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன?

‘லாம்ப் டு த ஸ்லாட்டர்’. 1958 ஏப்ரல் 13 அன்று ஒளிபரப்பானது. ரோல்ட் டால் 1953-ல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் எழுதிய கதை. ஹிட்ச்காக்கே இயக்கினார். மேரி மலோனியாக பார்பரா பெல் கெட்ஸ்.

மேரி கர்ப்பிணி. கணவன் போலீஸ் அதிகாரி. மாலையில் வீடு திரும்புகிறான். அவள் குடிக்க ஏதாவது கொண்டு வரவா என்கிறாள், இரவுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாள், அவன் முகத்தையே பார்க்கிறாள். அவன் விஷயத்தைச் சொல்கிறான்: உன்னை விட்டுப் போகிறேன், வேறொருத்தி இருக்கிறாள். டால் எழுதிய கதையில் அவன் சொன்ன வார்த்தைகள் வாசகனுக்குத் தரப்படவே இல்லை. நாலைந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டான் என்பதோடு சரி. நாடகத்தில் நம் காதாலேயே கேட்கிறோம்.

அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். அவள் கத்துவதில்லை. கைகால் தம் பாட்டுக்கு இரவுச் சாப்பாட்டு வேலையைத் தொடர்கின்றன. ஃப்ரீசரைத் திறக்கிறாள். உறைந்து கல்லாகிக் கிடக்கும் ஆட்டுத் தொடையை வெளியே எடுக்கிறாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அவன் முதுகைக் காட்டியபடி, நான் வெளியே போகிறேன் என்கிறான். ஒரே அடி.

அந்தத் தொடை அடுத்து ஓவனுக்குள் போகிறது. அவள் மளிகைக் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறாள். போலீஸ் வருகிறது. வந்தவர்கள் எல்லோரும் அவள் கணவனின் சகாக்கள், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். ஆயுதத்தைத் தேடித் தேடிக் களைத்துப் போகிறார்கள். இறைச்சி வெந்த வாசனை வீடு முழுக்க. ‘பசியாக இருப்பீர்கள், சாப்பிட்டுப் போங்கள், இது அவருக்காகச் செய்தது’ என்று அவள் கெஞ்சுகிறாள். சாப்பிடுகிறார்கள். ஆயுதம் இங்கேதான் எங்கோ நம் மூக்குக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று ஒருவர் வாயில் கறியோடு சொல்கிறார். அடுத்த அறையில் சுவரோரமாக ஒரு நாற்காலியில் மேரி. கேமரா மெல்ல அவளை நெருங்குகிறது. அவள் சிரிக்கத் தொடங்குகிறாள்.

அந்தச் சிரிப்பைத் தந்திரக்காரியின் வெற்றிச் சிரிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவளுடைய ஆயுதங்களைப் பாருங்கள்: சமையல், பரிமாறல், உபசாரம், கணவன் மீது காட்டும் கரிசனம். நல்ல மனைவிக்கு அந்தக் காலம் வகுத்த இலக்கணம் முழுவதையும் அவள் ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடிக்கிறாள். அதனாலேயே ஒருவரும் அவளைச் சந்தேகிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆண்களில் ஒருவர்கூட அவளைச் சரியாக நிமிர்ந்து பார்க்கவில்லை. அது புரிந்துதான் அவள் சிரிக்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

கொலை செய்தவள் தப்பிப்பதைத் தொலைக்காட்சியில் அனுமதித்தார்களா?

கதை அவள் சிரிப்போடு முடிந்துவிடும். பிறகு ஹிட்ச்காக் வந்து, மேரி தன் இரண்டாவது கணவனையும் இதே மாதிரி முடிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டாள் என்பார். அந்த மனிதர் மறதிக்காரர், ஃப்ரீசரின் பிளக்கைச் செருக மறந்துவிட்டதால் இறைச்சி கொழகொழவென்று இருந்ததாம். விதிக்கு விதியும் ஆயிற்று, கதைக்கும் ஊறு இல்லை. பல வாரங்களில் அவர் இதையே செய்தார். குற்றவாளி எப்படிப் பிடிபட்டான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த முன்னுரை பின்னுரைகளை அவருக்காக எழுதியவர் ஜேம்ஸ் அல்லார்டைஸ். பார்ப்பவர்கள் அந்தப் பின்னுரையைக் கதையின் முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஹிட்ச்காக்குக்கு நன்றாகத் தெரியும்.

கணவன் மனைவியைக் கொல்லும் கதைகளும் உண்டுதானே?

எண்ணிக்கையில் குறைவில்லை. இரண்டைச் சொல்கிறேன்.

‘பேக் ஃபார் கிறிஸ்மஸ்’ (1956 மார்ச் 4). ஜான் காலியர் எழுதிய கதை. ஹெர்பர்ட்டாக ஜான் வில்லியம்ஸ், மனைவி ஹெர்மியோனியாக இசபெல் எல்சம். கலிஃபோர்னியாவுக்குப் புறப்படத் தயாராகிறார்கள். எல்லா ஏற்பாடும் மனைவியின் கையில். கணவர் எதைச் செய்தாலும் அதில் ஒரு திருத்தம் சொல்வாள். கிறிஸ்மஸுக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் நிலவறையில் ஒரு குழி தோண்டுகிறார், அவளைக் கொன்று அதில் புதைக்கிறார், தனியாகக் கப்பலேறுகிறார். அமெரிக்காவில் நிம்மதியாக இருக்கும்போது அவள் பெயருக்கு ஒரு கடிதம் வருகிறது. பிரித்தால் ஒரு கட்டட வேலைக்காரரின் கணக்கு: நீங்கள் கேட்டபடி நிலவறையைத் தோண்டி வேலையை முடித்து வைக்கிறோம். கணவருக்குக் கிறிஸ்மஸ் பரிசாக அவள் ரகசியமாகச் செய்திருந்த ஏற்பாடு அது.

இதை முதல் தடவை பார்த்தபோது முடிவின் சாமர்த்தியத்தில் மயங்கிப்போனேன். இரண்டாம் தடவை பார்த்தபோது வேறொன்று நெஞ்சில் தைத்தது. எல்லாவற்றையும் அவளே முடிவு செய்கிறாள் என்பதுதான் ஹெர்பர்ட்டின் வெறுப்பு. அவரை மாட்டிவிடுவதும் அவள் செய்த ஒரு முடிவுதான், ஆனால் அது அன்பினால் செய்தது. அத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவள் மனதில் அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் அதுவரை அவளை அவருடைய கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது ‘ஒன் மோர் மைல் டு கோ’ (1957 ஏப்ரல் 7). என் மனதுக்கு மிக நெருக்கமானது. இரவு. கேமரா வீட்டுக்கு வெளியே நிற்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். கணவன் பேப்பர் படிக்கிறான். மனைவி ஏதோ சொல்கிறாள். அவன் பதில் சொல்கிறான். அவள் குரல் உயர்கிறது என்று கையசைவிலிருந்து தெரிகிறது. ஆனால் ஒரு சொல்லும் நம் காதில் விழுவதில்லை, கண்ணாடி தடுக்கிறது. கடைசியில் அவன் கணப்பு கிளறும் இரும்புக் கம்பியை எடுக்கிறான். அவளைச் சாக்கில் கட்டி, காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். ஏறக்குறைய பத்து நிமிடம் வசனமே இல்லை.

எதற்காகச் சண்டை? கடைசிவரை தெரியாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டு ஜன்னல் தெரியும். சில இரவுகளில் அங்கே இரண்டு பேர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். தெருச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மறுநாள் காலையில் அதே அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார், என்னைப் பார்த்துச் சிரிப்பார். இந்த நாடகத்தைப் பார்த்தபோது அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது. அடுத்தவர் மணவாழ்க்கையை நாம் எப்போதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கிறோம்.

மீதிக் கதை சாலையில். காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் நிறுத்துகிறார். கெட்டவர் இல்லை, உதவ நினைப்பவர். பல்பை மாற்றியும் எரியாதபோது டிக்கியைத் திறந்து பார்த்துவிடலாமே என்கிறார். விளக்கு திடீரென்று எரிகிறது, அப்புறம் மறுபடி அணைகிறது. கடைசியில் போலீஸ் நிலையத்தில் மெக்கானிக் இருக்கிறார், என் பின்னால் வாருங்கள் என்று கூட்டிப் போகிறார். விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து எரிகிறது. கொலைகாரனாக டேவிட் வெய்ன் நடித்திருக்கிறார். அவன் மீது நமக்கு இரக்கமே வரக் கூடாது, ஆனால் அந்த விளக்கு எரிய வேண்டுமே என்று நாமும் பதறுகிறோம்.

நச்சரிக்கும் மனைவி, பொறுமைசாலிக் கணவன் என்று காட்டுவது பெண்களை இழிவுபடுத்துவது இல்லையா?

பல கதைகளில் இழிவுதான். மறைக்க ஒன்றுமில்லை. மனைவி வாயாடி, கணவன் பாவம், அவன் அவளைத் தீர்த்துக்கட்ட வழி தேடுகிறான், நாம் அவன் பக்கம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் கதைகள் அந்தத் தொடரில் ஏராளம். அவற்றை இன்று பார்க்கும்போது எனக்குக் கூசுகிறது, சிலவற்றைப் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறேன். ‘ஒன் மோர் மைல்’ மீதும் அந்தக் குறையைச் சொல்லலாம், அந்த மனைவிக்குக் கடைசிவரை குரலே கிடைக்கவில்லை.

ஆனால் தொடரைத் தயாரித்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜோன் ஹாரிசன். 1933-ல் ஹிட்ச்காக்கின் செயலாளராகச் சேர்ந்தவர், பிறகு அவருக்குத் திரைக்கதை எழுதியவர், 1940-ல் வந்த இரண்டு படங்களுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். ஹாலிவுட்டில் பெண் தயாரிப்பாளர்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில், 1944-லேயே சொந்தமாகப் படம் தயாரித்தார். வாரா வாரம் கதை தேர்ந்தெடுத்து, எழுத்தாளரையும் நடிகரையும் சேர்த்து, வேலையை நடத்தியவர் அவர். நார்மன் லாயிட் பின்னால் வந்து கைகொடுத்தார். தொடரின் தொடக்கத்தில் வரும் ஹிட்ச்காக்கின் நிழலுருவம் பிரபலமான அளவுக்கு ஜோன் ஹாரிசனின் பெயர் பிரபலம் ஆகவில்லை. எனக்கு இது மனத்தாங்கல்.

எல்லாக் கதையிலும் கொலை உண்டா?

இல்லை. கொலை இல்லாத இரண்டு கதைகளைத்தான் மிகக் கொடுமையானவை என்பேன்.

‘மிசஸ் பிக்ஸ்பி அண்ட் த கர்னல்ஸ் கோட்’ (1960 செப்டம்பர் 27). இதுவும் டால் எழுதியது. பல் மருத்துவரின் மனைவி, அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று மாதம் ஒருமுறை பால்டிமோருக்குப் போகிறாள். உண்மையில் போவது ஒரு கர்னலைப் பார்க்க. உறவு முடிந்தது என்ற கடிதத்தோடு அவர் மிங்க் என்ற விலங்கின் ரோமத்தில் செய்த விலையுயர்ந்த ஒரு கோட்டைக் கொடுத்தனுப்புகிறார். கணவனிடம் என்ன சொல்லி அதை வீட்டுக்குள் கொண்டுபோவது? அடகுக்கடையில் வைத்து, பெயரோ பொருளோ குறிப்பிடாத சீட்டை வாங்கி, தெருவில் கிடந்தது என்று கணவனிடம் காட்டுகிறாள். நானே போய் மீட்டு வருகிறேன் என்கிறார் அவர். மீட்டு வந்து அவள் கழுத்தில் போடுவது ஒரு சின்ன, மட்டமான ரோமத் துண்டு. அவள் திகைத்து நிற்கும்போது, அவருடைய உதவியாளர் பெண் அந்த மிங்க் கோட்டை அணிந்து ஒய்யாரமாக நடந்து போகிறாள். யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. கேட்டால் தன் பொய்யும் வெளிவரும். அவர்கள் இனிமேலும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்பதுதான் இந்தக் கதையின் திகில்.

‘த கிரிஸ்டல் டிரெஞ்ச்’ (1959 அக்டோபர் 4). மலையேறப் போன கணவன் இறந்து, உடல் பனியாற்றின் பிளவுக்குள் விழுந்துவிடுகிறது. பனியாறு நகரும் வேகத்தைக் கணக்கிட்டு, 40 வருடம் கழித்து உடல் கீழே வெளிப்படும் என்கிறார்கள். இளம் விதவை காத்திருக்கிறாள். அவளை நேசிக்கும் ஒருவர் இருந்தும் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் 40 வருடம். அந்த நாள் வருகிறது. பனிக்குள் அவன் அன்றிருந்த இளமையோடு அப்படியே இருக்கிறான், அவளுக்கு முடி நரைத்திருக்கிறது. அவன் கழுத்தில் ஒரு லாக்கெட். திறக்கிறார்கள். உள்ளே இருப்பது அவள் படம் இல்லை. இந்தக் கதையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சந்தேகம் பிடித்த கணவன் கதைகளில் எது சிறந்தது?

‘ஃபோர் ஓ’கிளாக்’. ‘சஸ்பிஷன்’ தொடரின் முதல் கதை, 1957 செப்டம்பர் 30. கார்னல் வூல்ரிச் எழுதியதை ஹிட்ச்காக் இயக்கினார். கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் (ஈ.ஜி. மார்ஷல்), தான் இல்லாத நேரத்தில் மனைவியைத் தேடி ஓர் ஆண் வருகிறான் என்று சந்தேகிக்கிறார். நேரடியாகக் கேட்கவில்லை. நிலவறையில் குண்டு செய்து நாலு மணிக்கு வெடிக்கும்படி வைக்கிறார். அந்த நேரம் பார்த்து வீட்டில் திருடர்கள் புகுந்து, அவரைக் குண்டுக்குப் பக்கத்திலேயே வாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மாடியில் மனைவி அந்த ஆணோடு பேசுவது கேட்கிறது. அவன் அவளுடைய தம்பி. ஏதோ சிக்கலில் மாட்டியவன், அதனால்தான் மறைத்திருக்கிறாள்.

மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும், அங்கே உட்கார்ந்து பேசுபவர்களுக்குத் தெரியக் கூடாது, அதுதான் பதற்றம் என்பது ஹிட்ச்காக் அடிக்கடி சொன்ன விளக்கம். இங்கே அந்தக் குண்டு நிஜமாகவே இருக்கிறது. ஆனால் வாயைக் கட்டிய துணியைத்தான் நான் கவனிக்கிறேன். வாய் திறந்து கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் கேட்காதவருக்கு, கேட்கத் தவிக்கும்போது வாய் இல்லை. குண்டு வெடிப்பதில்லை. ஆனால் நாலு மணி தாண்டும்போது அவர் புத்தி பேதலித்துப்போயிருக்கிறது.

ஒருவரைத் தன் நினைவையும் புத்தியையும் தானே சந்தேகிக்க வைப்பதை ‘கேஸ்லைட்டிங்’ என்கிறார்களே, அந்தச் சொல் ‘கேஸ் லைட்’ நாடகத்திலிருந்துதான் வந்ததா?

ஆமாம். பேட்ரிக் ஹாமில்டன் 1938-ல் லண்டன் மேடைக்கு எழுதிய நாடகம் ‘கேஸ் லைட்’. மறு வருடமே, தொலைக்காட்சி பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த நாளில், பி.பி.சி. அதை நேரலையாக நடித்துக் காட்டியது. பதிவு செய்து வைக்கும் வழக்கம் அன்று இல்லாததால் அது காற்றோடு போயிற்று. அப்புறம் 1940-லும் 1944-லும் திரைப்படமானது.

கணவன் மனைவியைப் பைத்தியம் என்று நம்ப வைக்கிறான். பொருள்களை ஒளித்துவிட்டு, நீதான் வைத்த இடத்தை மறந்தாய் என்கிறான். தினமும் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, பூட்டிக் கிடக்கும் மேல்மாடிக்குத் திருட்டுத்தனமாகப் போய், அங்கே ஒளிந்திருக்கும் நகைகளைத் தேடுகிறான். அந்தக் காலத்து வீடுகளில் எல்லா விளக்குக்கும் ஒரே குழாயில் வாயு வரும். மேலே ஒரு விளக்கை ஏற்றினால் கீழே இருப்பதன் சுடர் தணியும். மனைவி அதைப் பார்க்கிறாள். தன் கண்ணை நம்புவதா, கணவனை நம்புவதா என்று தெரியவில்லை. வெளியாள் ஒருவர் வந்து ‘ஆமாம், விளக்கு மங்கத்தான் செய்கிறது’ என்று சொல்லும் கட்டத்தில் எனக்கு எப்போதும் கண் கலங்கும். அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். 2022-ல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி ‘கேஸ்லைட்டிங்’ என்பதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

பிரிட்டிஷ் நாடகங்களில் ஒன்றைச் சொல்லுங்கள்.

‘த வே அப் டு ஹெவன்’. ‘டேல்ஸ் ஆஃப் த அனெக்ஸ்பெக்டட்’ தொடரில் 1979-ல் வந்தது. மறுபடியும் டால். தொடரின் ஆரம்பக் கதைகளுக்கு அவரே கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்னுரை சொல்வார். திருமதி ஃபாஸ்டராக ஜூலி ஹாரிஸ், கணவராக ரோலண்ட் கல்வர்.

அந்த அம்மாவுக்கு ஒரு பயம்: ரயிலையோ விமானத்தையோ தவறவிட்டுவிடுவோமோ என்று. கணவர் வேண்டுமென்றே தாமதம் செய்வார். எப்போதும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குற்றம் சாட்ட முடியாத அளவுக்குத்தான். பாரிஸில் இருக்கும் மகளையும் பேரக் குழந்தைகளையும் பார்க்க அவள் கிளம்பும் நாள். கார் வாசலில் நிற்கிறது. மகளுக்கு ஒரு பரிசை மறந்துவிட்டேன் என்று சொல்லி அவர் வீட்டுக்குள் போகிறார். அவள் காத்திருக்கும்போது, அந்தப் பரிசுப் பொட்டலம் கார் சீட்டின் இடுக்கில் ஆழமாகச் செருகப்பட்டிருப்பதைக் காண்கிறாள். மறதியில் விழுந்தது இல்லை, கையால் அழுத்தி ஒளித்தது.

அவரைக் கூப்பிட ஓடுகிறாள். சாவியைப் பூட்டில் வைத்துத் திருப்பப் போகிறவள் அப்படியே நிற்கிறாள். தலையைச் சாய்த்து உள்ளே இருந்து வரும் ஏதோ சத்தத்தைக் கேட்கிறாள். சில நொடிகள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்பி, டிரைவரிடம் விமான நிலையத்துக்குப் போகச் சொல்கிறாள். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது கதவுக்குப் பின்னால் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன, வீட்டில் ஏதோ ஒரு நாற்றம். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருக்கிறது. அவள் நிதானமாக லிஃப்ட் பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள்.

அவள் எதுவுமே செய்யவில்லை. அதுதான் கதை. அத்தனை வருடமும் அவர் அவளைக் காத்திருக்க வைத்தார், இந்த ஒரு முறை அவள் காத்திருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு, டால் நினைத்து எழுதினாரோ என்னவோ: மூலக்கதை 1954-ல் வந்தது, அந்தத் தம்பதியின் வீடு நியூயார்க்கில். விவாகரத்துக்கு ஒரே காரணத்தைத் தவிர வேறெதையும் ஏற்காத அதே நியூயார்க். ரீனோவுக்குப் போய் விவாகரத்து வாங்கப் பிடித்த காலமும் ஆறு வாரம், அவள் பாரிஸில் இருந்ததும் ஆறு வாரம்.

‘கொலம்போ’வை ஏன் இதில் சேர்க்கிறீர்கள்? அது துப்பறியும் தொடர் ஆயிற்றே?

பீட்டர் ஃபால்க் கொலம்போவாக முதன்முதலில் தோன்றிய ‘பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்’ (1968 பிப்ரவரி 20) கசந்த கல்யாணத்தின் கதைதான். மனநல மருத்துவர் ஒருவர், தன்னை அம்பலப்படுத்தி விவாகரத்து செய்யப்போவதாக மிரட்டும் மனைவியைக் கொல்கிறார். ‘நெகட்டிவ் ரியாக்ஷன்’ (1974) கதையில் டிக் வான் டைக் மனைவியைக் கொன்றுவிட்டுக் கடத்தல் நாடகம் ஆடுகிறார். இவர்களுக்கு எதிரே அழுக்குக் கோட்டோடு வந்து நிற்கிற கொலம்போ, வாய் ஓயாமல் ‘என் மனைவி’, ‘என் மனைவி’ என்று பேசுகிறார். அந்த அம்மாள் ‘கொலம்போ’வில் ஒருநாளும் திரையில் வந்ததில்லை. அந்தத் தொடரில் நான் முழுதாக நம்புகிற மணவாழ்க்கை அது ஒன்றுதான்.

எதில் தொடங்கலாம்? வீட்டில் எல்லோரோடும் பார்க்கலாமா?

‘லாம்ப் டு த ஸ்லாட்டர்’ முதலில். அது பிடித்துப்போனால் ‘பேக் ஃபார் கிறிஸ்மஸ்’, பிறகு ‘மிசஸ் பிக்ஸ்பி’. ‘ஒன் மோர் மைல் டு கோ’வை இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ‘த வே அப் டு ஹெவன்’ அதற்கு அப்புறம். ‘த கிரிஸ்டல் டிரெஞ்ச்’ மனம் தெளிவாக இருக்கும் ஒரு நாளைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ரத்தம் கிட்டத்தட்டக் காட்டுவதே இல்லை, அதனால் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கத் தயங்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அவர்களுக்குக் கதை புரியாவிட்டாலும் அந்த வீடுகளின் இறுக்கம் புரிந்துவிடும். முதல் கதையில் ஒரு இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள்: கணவன் பேசி முடித்ததும் பார்பரா பெல் கெட்ஸின் முகம். அந்தச் சில நொடிகளில் போனை எடுத்துப் பார்த்துவிடாதீர்கள்.